பட்டாளத்தார் வீட்டு இரும்புப்பெட்டி: இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய பாட்டனார் ஒருவரின் போர்ப்பணியை மீட்டறிதல்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் பணியாற்றிய தமிழ் வீரர் பலரின் வரலாறு அவர்தம் குடும்பங்களின் வாய்மொழி நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளது. அத்தகைய வீரர் ஒருவர் இக்கட்டுரையாளரின் தாய்வழிப் பாட்டனார். அவருடைய போர்ப்பணியை, வீட்டில் எஞ்சிய பொருட்கள், குடும்ப வாய்மொழி, படைப்பிரிவுகளின் வரலாறு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு மீட்டறிய இக்கட்டுரை முயல்கிறது. அவர் பர்மாப் போரில் இருந்தார் என்பது குடும்ப மரபு. சான்றுகளோ அவர் வட ஆப்பிரிக்கப் போர்முனையிலும் இத்தாலியப் போர்முனையிலும் இருந்ததைக் காட்டுகின்றன. இம்முரண் தனியொரு குடும்பத்தின் மறதியால் மட்டும் நேர்ந்ததன்று. தமிழகத்தின் போர் நினைவு கிழக்கு நோக்கியே அமைந்ததன் விளைவு அது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இரண்டாம் உலகப்போர், மதராஸ் சாப்பர்ஸ், போர்ப் பதக்கம், வாய்மொழி வரலாறு, குடும்ப வரலாறு, மாண்டி காசினோ.

முன்னுரை

வட தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஒரு வீடேனும் உண்டு. அவ்வீட்டில் பட்டாளத்திற்குச் சென்றவர் மறைந்து பல்லாண்டு கடந்த பின்னரும் பெயர் மட்டும் வழங்கிவரும். அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த நாட்டில் போரிட்டார், எப்போது திரும்பினார் என்று வினவினால் பெரும்பாலும் ஒரே சொல்லில் விடை கிடைக்கும்: பர்மா.

இந்தியப் படை 1939இல் ஏறத்தாழ 2 லட்சம் பேரைக் கொண்டிருந்தது. போர் முடிவதற்குள் அது ஏறத்தாழ 25 லட்சம் பேர் பணியாற்றிய படையாக வளர்ந்தது. ஏறத்தாழ 87,000 பேர் உயிரிழந்தனர். அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகளும் படைப்பிரிவு வரலாறுகளும் அச்சேறியுள்ளன. எழுத்தறிவு குறைந்த சிப்பாய்களின் வரலாறோ அவ்வாறு பதிவு பெறவில்லை. போரில் இறந்தவரின் பெயர் நினைவுச் சின்னத்தில் உள்ளது. உயிருடன் திரும்பி, வேளாண்மையோ கூலித்தொழிலோ செய்து, மூப்பெய்தி இறந்தவருக்கு அத்தகைய பொதுப் பதிவும் இல்லை. இக்கட்டுரை அத்தகையோரில் ஒருவரைப் பற்றியது.

தம் பாட்டனாரையே ஆய்வுப் பொருளாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. கேட்டு வளர்ந்த கதையை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் விருப்பம் சான்றுகளைத் தன் பக்கம் வளைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு செய்தியும் உறுதியானது, மிகவும் ஏற்புடையது, இயலக்கூடியது என்னும் மூன்று தரங்களுள் எதில் அடங்கும் என்பது ஆங்காங்கே சுட்டப்படுகிறது.

1. எஞ்சிய சான்றுகள்

பாட்டனாரின் போர்ப்பணி குறித்து வீட்டில் எஞ்சியவை மூன்று. முதலாவது, ஒரு துணி முடிப்பில் இருந்த நான்கு பதக்கங்கள். இரண்டாவது, சீருடையில் எடுக்கப்பட்டு, முகம் வெளிறிப்போன ஓர் ஒளிப்படம். மூன்றாவது, அவர் படையிலிருந்து கொண்டுவந்த இரும்புப்பெட்டி.

முதன்மையான சான்றாகிய படைவிடுவிப்புச் சான்று இவற்றுள் இல்லை. ‘டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்’ என்று வீட்டார் வழங்கிய அத்தாள் ஒரு காலத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் வழங்கப்படும் உதவித்தொகை கோரிப் பாட்டியார் விண்ணப்பித்தபோது, அதன் மூலப்படி ஓர் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது. அது திரும்பவில்லை, படி எடுத்து வைக்கவும் எவருக்கும் தோன்றவில்லை. பின்னர்ப் படை எண்ணைத் தெரிவிக்குமாறு அவரிடம் கேட்கப்பட்டது. அந்த எண் ஒப்படைத்த தாளில்தான் இருந்தது. உதவித்தொகை கிடைக்காமலேயே அவர் மறைந்தார்.

போர்க்காலத்தில் மட்டும் பணியாற்றிய வீரர் பெரும்பாலோர் 1945க்குப் பின் படை குறைக்கப்பட்டபோது, ஓய்வூதியத்திற்குரிய பணிக்காலம் நிறைவுறாமல் விடுவிக்கப்பட்டனர். ஆகவே ஓய்வூதியக் கோப்பு என்னும் தொடர்ச்சியான ஆவணம் அவர்களுக்கு உருவாகவே இல்லை. பிற்காலத்தில் உதவித்தொகை வந்தபோது அந்த ஒற்றைத் தாளே அனைத்திற்கும் ஆதாரமாயிற்று. ஒரு தாளின் இழப்பு ஒரு பணிக்கால முழுமையின் இழப்பாக மாறியதற்கு இதுவே காரணம்.

2. மதராஸ் மாகாணமும் படைச்சேர்ப்பும்

1857க்குப் பின் வலுப்பெற்ற ‘போர்க்குடிகள்’ என்னும் கொள்கை, வடமேற்கு இந்தியாவின் சில சமூகங்களே போருக்கு உரியவை என்று கருதியது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்து, பின்னர் இந்தியப் படையின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ் இக்கருத்தின் வலுவான ஆதரவாளர். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப்போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பில் மதராஸ் ரெஜிமெண்ட் முற்றிலும் கலைக்கப்பட்டது. அது மீண்டும் உருவானது 1941இல், இரண்டாம் உலகப்போரின் தேவையால்.

இந்தக் குறைப்புக்கு உட்படாமல் நிலைத்த பிரிவு மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். 1780இல் தோற்றுவிக்கப்பட்ட மதராஸ் பயனியர்ஸ் படையின் வழிவந்த இப்பொறியாளர் படை பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. பாலம் அமைத்தல், பாதை வெட்டுதல், கண்ணிவெடி அகற்றுதல், நீர் வழங்குதல், அரண் கட்டுதல் ஆகியன இதன் பணிகள். இப்படையினரைத் ‘தம்பி’ என்று அழைக்கும் வழக்கு இன்றும் உண்டு. போர்க்குடிகள் கொள்கை தமிழரைத் துப்பாக்கிப் படைக்கு உரியவரல்லர் என்று ஒதுக்கிய காலத்திலும், மண்வெட்டியும் வெடிமருந்தும் ஏந்தும் படைக்கு அவர்களை விட்டுக்கொடுக்கவில்லை.

இயந்திரமயமான புதிய போருக்கு ஓட்டுநர், தச்சர், கொல்லர், கொத்தனார், மின்பணியாளர் பெருமளவில் தேவைப்பட்டனர். பழைய கொள்கை இத்தேவைக்கு முன் நிற்கவில்லை. மதராஸ் மாகாணத்தினர் சாப்பர்ஸ் மட்டுமன்றிப் போக்குவரத்து, வழங்கல், பழுதுபார்ப்பு, மருத்துவம் முதலிய பிரிவுகளிலும் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தனர். ஆதலின் தமிழ்ப் பாட்டனார் ஒருவரின் போர்ப்பணியைத் தேடுவோர் காலாட்படையை மட்டும் நோக்கினால் வழி தவறுவர். ‘சண்டைக்குப் போனார்’ என்று குடும்பம் சொல்லும்போது, அவர் லாரி ஓட்டியவராகவோ பாலம் கட்டியவராகவோ இருந்திருக்கக்கூடும்.

3. பதக்கம் என்னும் சான்று

முடிப்பில் இருந்த பதக்கங்களுள் மூன்று ஆறு முனை கொண்ட விண்மீன் வடிவின. ஒன்று வட்ட வடிவினது. விண்மீன்களின் நடுவே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர்க்குறியும், அதனைச் சூழ்ந்து போர்முனையின் பெயரும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றின் வாசகங்கள் முறையே 1939–1945 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்பன. வட்டப் பதக்கம் 1939–1945 போர்ப் பதக்கம். விளிம்புகளில் பெயரோ எண்ணோ பொறிக்கப்படவில்லை. ஆகவே இப்பதக்கங்கள் ஆளை அறியச் செய்யவில்லை. போர்முனையை மட்டும் அறியச் செய்கின்றன.

ஆனால் அந்த அறிவிப்பு வரையறைக்கு உட்பட்டது. ஆப்பிரிக்கா ஸ்டார் 10.06.1940 முதல் 12.05.1943 வரை வட ஆப்பிரிக்காவிலும், அதனுடன் சேர்த்து வரையறுக்கப்பட்ட எரித்ரியா முதலிய பகுதிகளிலும் பணியாற்றியோருக்கு உரியது. இத்தாலி ஸ்டார் 11.06.1943 முதல் 08.05.1945 வரையிலான பணிக்கு உரியது. இத்தாலி மட்டுமன்றிக் கிரேக்கம் முதலிய அண்டைப் பகுதிகளில் பணியாற்றியோரும் இதனைப் பெற்றனர். பர்மாவில் 11.12.1941 முதல் 02.09.1945 வரை பணியாற்றியோருக்கு உரியது பர்மா ஸ்டார். அது முடிப்பில் இல்லை.

இல்லாமை என்பது மறுப்புச் சான்றாகுமா? உடனே ஆகாது. ஒரு பதக்கம் தொலைந்திருக்கலாம். ஆப்பிரிக்காவில் இருந்த வீரர் பின்னர் பர்மாவுக்கும் சென்றிருக்க இயலும். 5ஆம் இந்தியப் பிரிவு எரித்ரியாவிலும் பாலைவனத்திலும் போரிட்டுப் பின்னர் அரக்கானுக்கும் இம்பாலுக்கும் வந்தது. ஆகவே பர்மா என்னும் குடும்பக் கூற்றைப் பதக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டே தள்ளிவிட முடியாது. இத்தாலி ஸ்டார் இருப்பது மட்டும் உறுதியான ஒரு வரம்பைத் தருகிறது: 1943 சூனுக்குப் பிந்தைய காலத்தின் ஒரு பகுதியேனும் அவர் மத்தியதரைக்கடல் போர்முனையில் கழித்திருக்கிறார். குடும்பத்தில் எவரும் ஒருமுறையேனும் சொல்லாத நாடு இத்தாலி.

4. பெட்டியின் மூடி

இரும்புப்பெட்டி பல ஆண்டுகளாகத் துணி வைக்கவும் பின்னர் நெல் விதை வைக்கவும் பயன்பட்டது. ஒரு திருமணத்தை ஒட்டி வீட்டிற்கு வண்ணம் பூசியபோது அதற்கும் பச்சை வண்ணம் பூசப்பட்டது. நேர்நோக்கில் மூடியில் ஒன்றும் தெரியாது. கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, பச்சைக்கு அடியில் பழைய வெள்ளை எழுத்துகளின் மேடு தென்பட்டது. கல்வெட்டுப் படிப்போருக்குப் பழகிய முறைதான் இது. வீட்டுப் பெட்டிக்கும் அது பொருந்தியது.

முதலில் ஐந்து இலக்கங்கள். அவற்றுள் இரண்டு ஐயத்திற்குரியவை. அடுத்து சாப்பர் என்னும் படைநிலையின் சுருக்கமாகிய எஸ்.பி.ஆர். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள். அதன்பின் பாட்டனாரின் பெயர். பொறியாளர் படையின் கடைநிலை வீரரே சாப்பர் எனப்பட்டனர். காலாட்படையில் இதற்கு இணையான நிலை சிப்பாய். ஒளிப்படத்தில் தோள்பட்டையில் உள்ள உலோக எழுத்துகள் தேய்ந்திருப்பினும் மதராஸ் என்னும் சொல்லின் முற்பகுதி படிக்கத்தக்கதாக உள்ளது. இவ்விரண்டும் ஒருங்கே நோக்கப்படின், அவர் மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகிறது.

பெயர் எழுதப்பட்ட முறையும் கருதத்தக்கது. பெட்டியில் தந்தையின் பெயருக்குரிய முதலெழுத்து இல்லை. குடும்ப அட்டையில் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலும் இரண்டிலும் வேறு. படைச் சேர்ப்பின்போது வீரர் வாயால் சொன்ன பெயரை எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார். லகர, ளகர, ழகர வேறுபாடும் ஈற்று மகர, னகர வேறுபாடும் ஆங்கில எழுத்தில் நிலைபெறுவதில்லை. சுப்பிரமணியன் என்னும் ஒரு பெயரே பல வடிவங்களில் படைப்பட்டியல்களில் வருகிறது. ஆகவே தமிழ் வீரரைப் பெயரால் தேடுவது பெரும்பாலும் வீண் முயற்சி. படை எண், தந்தை பெயர், ஊர், தாலுகா ஆகியவற்றை இணைத்தே தேட வேண்டும்.

5. வாய்மொழியும் போர்முனையும்

பாட்டனார் போரைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினார் என்று பிள்ளைகள் கூறுகின்றனர். மூவரிடம் தனித்தனியே கேட்டுப் பதிவுசெய்த செய்திகளுள் ஒன்றுக்கொன்று ஒத்துவருவன மூன்று.

முதற்செய்தி: அவர் சென்றபோது மூத்த மகன் பிறக்கவில்லை, திரும்பியபோது அப்பிள்ளை ஓடியாடும் வயதில் இருந்தான். காக்கி உடையில் வந்தவரைக் கண்டு பயந்து மாட்டுக்கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டான். தந்தை என்று ஒப்புக்கொள்ளப் பல நாட்கள் ஆயின. மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழ் பிறந்த ஆண்டை 1940 என்று காட்டுகிறது. சான்றிதழ்களில் ஆண்டு மாற்றி எழுதப்படுவதும் உண்டு என்பதால் இதனைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். எனினும் போர்க்காலம் முழுவதையும் ஒட்டிய நெடும் பிரிவு என்பது புலனாகிறது.

இரண்டாம் செய்தி: அவர் இருந்த இடத்தில் பஞ்சு போலப் பனி விழுந்தது, காலையில் கூடாரத்தின் மேல் அது கையளவு கிடந்தது. பர்மாவின் மலைகளில் குளிர் உண்டு. ஆனால் படைகள் போரிட்ட பகுதிகளில் கூடாரத்தின் மேல் கையளவு பனி தேங்குவது நிகழக்கூடியதன்று. இத்தாலியின் அப்பெனைன் மலைகளில் 1943–1944 குளிர்காலம் கடுமையானது. இச்செய்தி இத்தாலிக்குப் பொருந்துகிறது.

மூன்றாம் செய்தியே குடும்பம் பர்மாவை உறுதியாக நம்பியதற்கு அடிப்படை. மலை உச்சியில் பெரிய கோயில் ஒன்று இருந்தது. விமானங்கள் வந்து அதை இடித்தன. அம்மலையில் இரவெல்லாம் பாதை வெட்டினோம் என்று பாட்டனார் சொன்னாராம். மலையுச்சிக் கோயில் என்றதும் கேட்டோர் மனத்தில் எழுந்தது பர்மியப் புத்தக் கோயில். ஆனால் இத்தாலி ஸ்டாருடன் வைத்து நோக்கினால் இச்செய்தி வேறோர் இடத்தைச் சுட்டுகிறது. மாண்டி காசினோ மலையின் உச்சியில் இருந்த பெனடிக்ட் சபைத் துறவிமடம் 15.02.1944 அன்று நேச நாட்டு விமானங்களால் தகர்க்கப்பட்டது. அதன் எதிரே நின்று போரிட்ட படைகளுள் ஒன்று 4ஆம் இந்தியப் பிரிவு. அப்பிரிவின் பொறியாளர்கள் நியூசிலாந்துப் பொறியாளர்களுடன் சேர்ந்து, பின்னர் காவெண்டிஷ் சாலை எனப் பெயர்பெற்ற மலைத்தடத்தை டாங்கிகள் ஏறும் பாதையாக அகலப்படுத்தினர். எதிரியின் கண்ணில் படாதிருக்க மறைப்பு வலைகள் கட்டப்பட்டன. 19.03.1944 அன்று டாங்கிகள் அவ்வழியே சென்றன.

4ஆம் இந்தியப் பிரிவின் பொறியாளர் அணிகளுள் 12ஆம் பீல்டு கம்பெனியும் 11ஆம் பீல்டு பார்க் கம்பெனியும் மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவை. இப்பிரிவு 1940 டிசம்பரில் சிதி பரானியிலும், 1941 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எரித்ரியாவின் கெரனிலும், பின்னர் மேற்குப் பாலைவனத்திலும் போரிட்டு, 1943 மே மாதம் துனிசியாவில் ஆப்பிரிக்கப் போரின் முடிவைக் கண்டது. அடுத்து இத்தாலிக்கும், 1944இன் இறுதியில் கிரேக்கத்திற்கும் சென்றது. பாட்டனாரின் பதக்க வரிசை இப்பயணத்துடன் முற்றிலும் இயைகிறது.

இயைபு வேறு, நிறுவுதல் வேறு. மதராஸ் சாப்பர்ஸ் படையின் பிற அணிகளும் இத்தாலியில் இருந்தன. ஆகவே பாட்டனார் மத்தியதரைக்கடல் போர்முனையில் இருந்தார் என்பது உறுதி. மதராஸ் சாப்பர் என்பதும் உறுதி. மாண்டி காசினோவில் இருந்தார் என்பது மிகவும் ஏற்புடையது. மேற்கண்ட இரு கம்பெனிகளுள் ஒன்றைச் சார்ந்தவர் என்பது இயலக்கூடியது என்னும் அளவிலேயே நிற்கிறது.

இங்கு மற்றொரு தமிழ்ச் சாப்பரைக் குறிப்பிடுவது தகும். காஞ்சிபுரத்தை அடுத்த கீழோட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றியவர். 24.02.1944 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தபோது, உடன் வந்தோரைக் காக்க, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து உயிர் துறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. காசினோவின் பாதையில் தமிழர் இருந்தனர் என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுவதில்லை. எனினும் அவர் பெயரைத் தமிழ்ப் பாடநூல்வழி அறிந்தோர் மிகச் சிலரே.

6. ஏன் பர்மா?

இத்தாலியில் இருந்த ஒருவர் குடும்ப நினைவில் பர்மாவுக்கு இடம்மாறியது ஏன்? இதற்குரிய விடை பாட்டனாரிடம் இல்லை, கேட்டவர்களிடம் உள்ளது.

தமிழகத்திற்குப் போர் வந்த திசை கிழக்கு. 1941 டிசம்பரில் ரங்கூன் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அதன்பின் பல லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுள் கால்நடையாகவே வந்தோர் பலர். ஒவ்வொரு வட்டாரத்திலும் பர்மாவிலிருந்து திரும்பியோர் சிலர் இருந்தனர். 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டபோது சென்னை நகரமே பெருமளவு காலியாயிற்று. கடல் கடந்த வணிகமும் தோட்டத் தொழிலும் பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்னும் பெயர்களை முன்னரே ஊர்ச் சொற்களாக்கியிருந்தன.

எழுத்திலும் இத்திசையே மேலோங்குகிறது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பர்மா வழிநடைப் பயணம்’ அகதிப் பயணத்தைப் பதிவுசெய்தது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ தென்கிழக்காசியப் போர்க்காலத்தைக் களமாகக் கொண்டது. மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ‘சயாம் மரண ரயில்’ இடம்பெற்றது. நேதாஜியின் இந்திய தேசியப் படையில் மலேயாத் தமிழர் பெருமளவில் சேர்ந்தமை விடுதலை வரலாற்றின் பகுதியாயிற்று. மேற்குப் போர்முனைக்குத் தமிழ் எழுத்தில் இத்தகைய இடம் அமையவில்லை. கெரனும் காசினோவும் கேட்போருக்குப் பொருள் தராத ஒலிகள். சொல்பவர் ஊர்ப்பெயரைச் சொல்லியிருந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ளக் கேட்பவரிடம் இடம் இருக்கவில்லை. ஆகவே அவர்கள் தாங்கள் அறிந்த போரில் அவரை இருத்திக்கொண்டனர்.

இவ்வகையில் குடும்ப நினைவு பொய் சொல்லவில்லை. பனி, மலை, கோயில், இரவுப்பாதை ஆகிய நான்கும் நினைவில் பிழையின்றித் தங்கின. மாறியது இடப்பெயர் ஒன்றே. நிகழ்ச்சியின் உருவத்தை வாய்மொழி காத்துவைத்தது. இடத்தைப் பதக்கம் காத்துவைத்தது. ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளியிருந்தால் இரண்டும் வீணாகியிருக்கும்.

7. ஆவணக் காப்பகங்களும் உயிர்தப்பியோரும்

இத்தகைய தேடலில் எந்த ஆவணம் எதைத் தரும் என்பதை அறிந்திருத்தல் காலவிரயத்தைத் தவிர்க்கும். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த வீரர்களை மட்டும் கொண்டது. மதராஸ் மாகாண வீரர் பலருக்குத் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியன அதில் தரப்பட்டுள்ளன. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனிக் கல்லறை இல்லை. தகன நினைவுச் சின்னங்களில் பெயர்கள் உள்ளன. கோகிமாவில் 917 பேரின் பெயர்கள் உள்ளன. இத்தாலியில் சாங்ரோ ஆற்றங்கரையிலும் போர்லியிலும் இத்தகைய சின்னங்கள் உண்டு. பர்மாவில் கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் தௌக்கியானிலுள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் உள்ளன.

உயிர்தப்பியோரின் பணிப்பதிவுகள் பிரிட்டனில் இல்லை. இந்தியப் படைப்பிரிவுகளின் பதிவு அலுவலகங்களுக்கு உரியவை. மதராஸ் சாப்பர்ஸ் படையின் வழித்தோன்றலாகிய மதராஸ் பொறியாளர் குழுமம் பெங்களூரிலும், மதராஸ் ரெஜிமெண்ட் நீலகிரி மாவட்டத்து வெலிங்டனிலும் மையம் கொண்டுள்ளன. அங்குத் தேடுவதற்குப் படை எண்ணே திறவுகோல்.

லண்டனின் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் அணிகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. மத்தியக் கிழக்கிற்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலி உள்ளிட்ட மத்தியதரைப் பகுதிக்கு டபிள்யூ.ஓ. 170, தென்கிழக்காசியாவிற்கு டபிள்யூ.ஓ. 172 என்னும் வரிசைகள் முதன்மையானவை. ஓர் அணி ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தது, என்ன செய்தது என்பது அவற்றில் கிடைக்கும். அதிகாரிகளின் பெயர் வரும், சாப்பரின் பெயர் அரிதாகவே வரும். மத்தியக் கிழக்கிலிருந்த இந்திய வீரர்களின் கடிதங்களைத் தணிக்கையாளர் படித்துத் தொகுத்த அறிக்கைகள் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. ஊரின் மழை, நிலத்தகராறு, விலைவாசி, அனுப்பிய பணம் வந்து சேராமை என வீரரின் வீட்டுக்கவலைகள் அவற்றில் வெளிப்படுகின்றன. தனிமனிதக் குரலுக்கு மிக அண்மையில் வரும் அரசு ஆவணம் இதுவே. ஆயினும் அது எதிரிக்கு அஞ்சிய அரசு தன் வீரர்மீது வைத்த கண்காணிப்பின் விளைபொருள் என்பதையும் மறத்தலாகாது.

கிழக்கே சென்றோரின் வழித்தடம் வேறு. 15.02.1942 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்திய வீரர்களுள் ஒரு பகுதியினர் இந்திய தேசியப் படையில் சேர்ந்தனர். சேராதோருள் பலர் நியூகினி முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். போருக்குப் பின் படையில் சேர்ந்தோரை ஆங்கில அரசு வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தி விசாரித்தது. தோட்டங்களிலிருந்து நேரே சேர்ந்த தமிழருக்கோ ஆங்கிலப் படை எண்ணே இருந்ததில்லை. அவர்களைச் சாப்பரைத் தேடும் முறையில் தேட இயலாது. குடும்பத்தார் ‘பர்மா’ என்னும்போது அது இவற்றுள் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வு கண்டறிந்தவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

பாட்டனார் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சாப்பராக இருந்து, ஆப்பிரிக்கப் போர்முனையிலும் இத்தாலியப் போர்முனையிலும் பணியாற்றினார். மலையுச்சிக் கோயில் பற்றிய வாய்மொழி மாண்டி காசினோ துறவிமடத்தையே குறிப்பதாகக் கொள்ள வலுவான இடமுண்டு. பர்மா என்னும் குடும்ப மரபு, வட்டாரத்தின் பொதுப் போர் நினைவு தனிமனித நினைவின்மேல் படிந்ததால் உருவானது.

தமிழ் வீரர்களின் போர் வரலாற்றை எழுத முற்படுவோர் பர்மா என்னும் விடையை முடிவாகக் கொள்ளாது, தொடக்கமாகவே கொள்ள வேண்டும். பனி பெய்ததா, எந்த ஊர்தியில் சென்றார், எந்த உணவு கிடைத்தது, எந்த மொழி பேசியோருடன் இருந்தார் என்று வினவினால், பெயர் மறந்த இடமும் தன் அடையாளத்தைக் காட்டும்.

கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளும் இதில் உடனே செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாணவர் தம் ஊரில் உள்ள பட்டாளத்தார் வீடுகளில் பதக்கம், பெட்டி, ஒளிப்படம், பணவிடைத் துண்டு, படைவிடுவிப்புச் சான்று ஆகியவற்றை இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, படை எண்ணுடன் பதிவு செய்யலாம். பொருளை வாங்கி வர வேண்டியதில்லை, வாங்கவும் கூடாது. மூலத்தைக் கொடுத்து இழந்த குடும்பத்தின் பட்டறிவு அதற்குப் போதிய எச்சரிக்கை.

பெட்டியின் மூடியிலிருந்து படிக்கப்பட்ட எண், ஐயத்திற்குரிய இரு இலக்கங்களின் மாற்று வடிவங்களுடன், தந்தை பெயரும் ஊரும் சேர்த்து உரிய பதிவு அலுவலகத்திற்கு எழுதப்பட்டுள்ளது. உதவித்தொகை பெற வேண்டியவர் இன்று இல்லை. எனினும் அவரிடம் கேட்கப்பட்ட எண், அவர் நாள்தோறும் திறந்து மூடிய பெட்டியின் மேலேயே இருந்தது. அதைப் படிக்கும் முறையை அறிந்த ஒருவர் அன்று அவ்வீட்டில் இல்லை. குடும்பப் பொருட்களை ஆவணமாகப் படிக்கும் பயிற்சியை நம் வகுப்பறைகள் அளிக்க வேண்டும் என்பதற்கு இக்கட்டுரையாளர் இதனினும் வேறு காரணம் கூற வேண்டியதில்லை.